உப்பும் கற்பூரமும் பிரிந்த கதை

சடப்பொருளை வகைப்படுத்துவது போலச் சுலபமான வேலை உலகத்தில் வேறில்லை. ஒன்று, அது தூய பொருள், இல்லாவிட்டால் கலவை. தூய பொருளென்றால் மூலகம் அல்லது சேர்வை. கலவையென்றால், எங்கே தொட்டாலும் ஒரே மாதிரி இருக்கும் ஏகவினக் கலவை, அல்லது இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும் பல்லினக் கலவை. அவ்வளவுதான். இரும்பு மூலகம். தண்ணீர் சேர்வை. சீனி கரைத்த, பால் ஊற்றாத பிளேன்டீ ஏகவினக் கலவை. எங்கள் பள்ளிக்கூடத்தில் மதியம் ஊற்றும் சாம்பார் பல்லினக் கலவை (அதில் பருப்பைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்குத் தனியாகப் பரிசு கொடுக்கலாம்). இவற்றை வகைப்படுத்துவதில் நான் ஒருநாளும் தடுமாறியதில்லை. தடுமாறியதெல்லாம் பிரித்தெடுக்கப் போனபோதுதான்.

நான் விஞ்ஞான டீச்சர். நல்ல டீச்சர். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது. இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கும் அம்மாவுக்கு மகளாக லயத்து வரிசை வீட்டில் பிறந்து, தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்து, அதே பள்ளிக்கூடத்துக்கே டீச்சராக வந்து சேர்ந்தவள். தலைக்கனத்துக்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்? நியமனம் கிடைத்த புதிதில், பள்ளிக்கூடப் படியில் நான் ஏறினால் படிக்கே பெருமை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.

அந்த வருடம் எங்கள் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடங்களில் ஒன்றே ஒன்றுக்கு விஞ்ஞான ஆய்வுகூடம் கொடுக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்பதை ஆசிரிய ஆலோசகர் ஒருவர் நேரில் வந்து, ஒரு பாடத்தைப் பார்த்துவிட்டுச் சிபாரிசு செய்வாராம். எனக்குத் தூக்கம் போய்விட்டது. நான் படித்த காலத்தில் பரிசோதனை என்றால் கரும்பலகையில் வரைகிற படம். முகவையும் சோக்கு, அதற்குள் இருக்கிற தண்ணீரும் சோக்கு, அடியில் எரிகிற நெருப்பும் சோக்கு. மணியடித்ததும் எல்லாவற்றையும் டஸ்டரால் துடைத்துவிட்டுப் போவோம். என் பிள்ளைகளும் அப்படியே படித்துவிட்டுப் போவதை என்னால் தாங்கவே முடியவில்லை. அந்த ஆய்வுகூடம் எங்களுக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆலோசகர் வந்து கையெழுத்துப் போடுவது மட்டும்தான் பாக்கி.

கலவைகளைப் பிரித்தெடுத்தல் பாடம். வேறு யாராக இருந்தாலும் இரும்புத் தூளையும் மணலையும் கலந்து, காந்தத்தைக் காட்டிப் பிரித்துவிட்டு, சமர்த்தாக உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆலோசகர் அசந்துபோகிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்று உப்பையும் கற்பூரத்தையும் தேர்ந்தெடுத்தேன். இரண்டையும் அரைத்துக் கலந்து மெல்லச் சூடாக்கினால், கற்பூரம் உருகாமல் நேரே ஆவியாகிவிடும். மேலே கவிழ்த்திருக்கும் புனலின் குளிர்ந்த பக்கத்தில் அந்த ஆவி மறுபடியும் கற்பூரமாகவே ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பெயர் பதங்கமாதல். உப்பு மட்டும் கீழே தங்கிவிடும். எதுவும் அழிவதில்லை, எதுவும் புதிதாக உண்டாவதில்லை, இரண்டும் இரண்டாகத் திரும்பக் கிடைக்கும். புத்தகத்தில் படத்தோடு போட்டிருந்தது.

படத்தில் இருந்த சாமான்கள்தான் எங்களிடம் இல்லை. அதனாலென்ன? பீங்கான் கிண்ணம் இல்லாவிட்டால் பித்தளைத் தட்டு. கண்ணாடிப் புனல் இல்லாவிட்டால் தடித்த பிறிஸ்டல் போர்டுக் காகிதத்தைச் சுருட்டி ஒரு கூம்பு. ஆய்வுகூட விளக்கு இல்லாவிட்டால் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு. அந்த விளக்கின் இரண்டு பக்கமும் செங்கல்லை வைத்து மேலே தட்டை வைத்தால் தாங்கியும் தயார். பித்தளைத் தட்டுக்கு அம்மாவிடம் போய் நின்றேன்.

"ஏன்டி, அது சாமி தட்டு. அதுல வேற எதையும் வைக்கக் கூடாது" என்றார் அம்மா.

"வேற எதையும் வைக்கலம்மா. கற்பூரந்தான் வைக்கப் போறேன்."

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போனதிலிருந்து மகளுக்குச் சாமி பக்தி குறைந்துவிட்டது என்று அவருக்கு ஒரு கவலை இருந்தது. புளி போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று கொடுத்தனுப்பினார்.

எங்கள் பள்ளிக்கூட அதிபர், பிள்ளைகள் 'பெரிய சார்' என்று கூப்பிடுகிறவர், ஆலோசகர் வருவதற்கு முதல் நாளே என்னைப் பிடித்து, "டீச்சர், ஒருக்கா செஞ்சு பாத்துட்டீங்களா? அவர் ரொம்பக் கண்டிப்பானவராம்" என்று கேட்டார்.

"இதுக்கெல்லாம் ஒத்திகையா சார்? புத்தகத்துல இருக்கு. நாளைக்கு வந்து பாருங்க, நீங்களே அசந்துருவீங்க."

என்ன பரிசோதனை என்றுகூட அவரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்று நினைத்தேன். (சுவாரசியம் போகவில்லை. அது மட்டும் நிச்சயம்.)

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மூடுபனி. வகுப்பறையில் வெளிச்சம் விழுகிற இடம் ஜன்னலோரத்தில் ஒன்றுதான், அங்கே மேசையைப் போட்டேன். அதற்கு நேர் மேலே சுவரில் சரஸ்வதி படம் இருந்தது. வெள்ளிக்கிழமை என்பதால் படத்துக்குப் பூ வைத்து ஊதுபத்தியும் கொளுத்தியிருந்தார்கள். ஆலோசகர் ஹட்டனிலிருந்து வந்து, ஓட்டோ ஏற முடியாத கடைசி வளைவில் இறங்கி, தேயிலைக்குள்ளே இருக்கிற குறுக்குப் பாதையில் மேலே ஏறி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். உயரமானவர், காலில் பளிச்சென்ற சப்பாத்து, சிரிக்காத முகம். வாசலில் எங்கள் வழக்கப்படி சந்தனம் வைத்து மாலை போட்டோம். அவர் மாலையைக் கழற்றி, வைக்க வேறு இடமில்லாமல் என் மேசையில், தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார்.

இப்போது அந்த மேசையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மேலே சரஸ்வதி. ஊதுபத்தி வாசம். பூமாலை. பளபளக்கும் பித்தளைத் தட்டு. தட்டு நிறையக் கற்பூரப் பொடி. ஒரு விளக்கு. இன்றைக்கு இதைச் சொல்லும்போது சின்னப் பிள்ளைக்குக்கூட அடுத்தது என்ன நடக்கும் என்று விளங்கிவிடுகிறது. பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்துவிட்டு வந்த எனக்கு மட்டும் விளங்கவில்லை.

பாடம் அருமையாகத்தான் ஆரம்பித்தது.

"இதுல உப்பும் இருக்கு, கற்பூரமும் இருக்கு. கண்ணால பாத்து எது எதுன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது டீச்சர்!"

"அப்ப இது என்ன? சேர்வையா, கலவையா?"

"கலவை டீச்சர்! ரெண்டும் அதது அததோட குணத்தோடதான் இருக்கு!"

"அதது குணத்தோட இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மோந்து பாத்தா கோயில் வாசம் வருது டீச்சர்!"

வகுப்பு சிரித்தது. பின்வரிசையில் ஆலோசகரின் உதடும் கொஞ்சம் அசைந்தது. அந்த அசைவைப் பார்த்ததும் ஆய்வுகூடத்துக்கு எந்த நிறத்தில் பெயின்ட் அடிப்பது என்று நான் யோசிக்கவே தொடங்கிவிட்டேன்.

விளக்கைப் பற்றவைத்தேன். கூம்பைத் தட்டின் மேல் கவிழ்த்தேன். அப்போது முன்வரிசையிலிருந்து சுகந்தினி கை தூக்கினாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி, போதாததற்கு நல்ல பாட்டுக்காரி.

"டீச்சர், பேப்பர் பத்திக்காதா?"

"அளவா சூடு காட்டுனா பத்தாதும்மா. விஞ்ஞானம் படிக்கிறவங்க பயப்படக் கூடாது."

சொல்லி வாயை மூடவில்லை. குப்பி விளக்கின் சுவாலை காற்றில் ஆடி, தட்டின் விளிம்பைத் தாண்டி மேலே எட்டிப் பார்த்தது. கூம்பின் ஓரம் கறுத்தது, சுருண்டது, குபீரென்று பற்றியது. அடுத்த நொடி தட்டில் இருந்த கற்பூரம் முழுவதும் பற்றிக்கொண்டது. ஒரு முழ உயரத்துக்கு நெருப்பு எழும்பிச் சரஸ்வதியின் முகத்தைப் பிரகாசமாக்கியது.

யாரும் அலறவில்லை. யாரும் ஓடவில்லை. அதுதான் ஆச்சரியம். முன்வரிசை எழுந்து நின்றது. இரண்டாம் வரிசை எழுந்து நின்றது. முழு வகுப்பும், காலையில் தோட்ட வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டதுபோல, எழுந்து கைகூப்பிக் கண்ணை மூடியது.

"உட்காருங்க! இது பூசை இல்ல! பரிசோதனை!" என்று கத்தினேன்.

அதற்குள் சுகந்தினி தேவாரத்தைத் தொடங்கிவிட்டாள். போட்டிகளில் பரிசு வாங்கிய குரல், நன்றாகவே பாடினாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். எப்படியாவது அணைத்துவிடலாம் என்று குனிந்து, ஊதுவதற்கு வாயைக் குவித்தேன். பக்கத்தில் நின்ற பிள்ளை பாட்டை நிறுத்திவிட்டுப் பதறிப்போய்க் கத்தினாள்.

"ஐயோ டீச்சர், சாமி கற்பூரத்த வாயால ஊதக் கூடாது!"

ஊதவில்லை. குவித்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். மூடியது மட்டுமா? என் இரண்டு கைகளும் என்னைக் கேட்காமலே நெஞ்சுக்கு நேராக ஒன்று சேர்ந்தன. நெருப்பு என் கண்ணுக்கு முன்னால் என் பரிசோதனையை விழுங்கிக்கொண்டிருக்க, நான் அதைப் பக்தியோடு கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

தேவாரம் கேட்டதும் வெளியே இருந்த காவலாளி மணியடித்துவிட்டார். வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனைக்கு அவர் அடிக்கிற வழக்கமான மணி. மணி கேட்டதும் மற்ற வகுப்புகள் வரிசையாக வந்து எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. அவர்களை விலக்கிக்கொண்டு பெரிய சார் வெறுங்காலோடு உள்ளே வந்தார். வந்தவர் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அசந்துதான் போனார். ஆலோசகரை வரவேற்க நான் இரகசியமாகச் செய்த ஏற்பாடு இது என்று அவர் நினைத்துவிட்டார். கழுத்தில் கிடந்த சால்வையின் நுனியால் சூட்டுத் தட்டைப் பிடித்து எடுத்தார். சரஸ்வதிக்குச் சுற்றிக் காட்டினார். பிறகு பிரதம விருந்தினருக்கு முதல் மரியாதை செய்ய நேரே பின்வரிசைக்கு நடந்தார்.

ஆலோசகர் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார்.

தட்டில் நெருப்பு அடங்கிவிட்டிருந்தது. மிச்சமிருந்தது என்ன? நான் அம்மியில் வைத்து மாவு போல அரைத்திருந்த உப்பு. அதன் மேல் பிறிஸ்டல் போர்டின் சாம்பல். வெள்ளையும் சாம்பலுமாக, பார்த்தால் சுத்தமான திருநீறு.

"சார்! அத பூசாதீங்க சார்! அது வந்து..." என்று ஓடினேன்.

"பூசை நேரத்துல பேசாதீங்க டீச்சர்" என்று பெரிய சார் என்னை அடக்கினார்.

ஆலோசகர் தட்டுக்கு மேலே கையைக் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மூன்று விரலால் எடுத்து நெற்றியில் அழுத்தமாக மூன்று குறி இழுத்தார். சைவப் பழமான மனிதர், அத்தோடு விடவில்லை. இன்னும் ஒரு சிட்டிகை எடுத்து, அண்ணாந்து, வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் கண் திறந்த வேகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முகம் ஒரு பக்கமாகக் கோணியது. தேவாரம் நின்றது.

"பிள்ளை... உது என்னது?"

பாடத்தில் இருந்த பதிலையே சொன்னேன்.

"சோடியம் குளோரைட்டு சார்."

ஆலோசகர் கைக்குட்டையை எடுத்து நாக்கைத் துடைத்தார். திட்டப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். ஆனால் சுகந்தினி அவருடைய காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார், அட்டை!"

குறுக்குப் பாதையில் ஏறிய அட்டை சப்பாத்துக்குள்ளே புகுந்து, வயிறு நிறைய இரத்தம் குடித்து, கணுக்காலில் தடித்துத் தொங்கியது. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அட்டைக்கு என்ன செய்வோம் என்று குழந்தைக்கும் தெரியும். சுகந்தினி தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து அதன் மேல் வைத்தாள். அட்டை நெளிந்து சுருண்டு கீழே விழுந்தது.

"உப்புதாங்க சார்" என்றாள் அவள், ஆலோசகருக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் தீரட்டும் என்கிற மாதிரி.

மற்ற வகுப்புகளை விரட்டிவிட்டார்கள். ஆலோசகர் ஒரு காலில் மட்டும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, அட்டை கடித்த கால் வெறுங்காலாக, நெற்றியில் உப்புக் குறியோடு வகுப்பின் நடுவே வந்து நின்றார்.

"சரி. உங்கடை டீச்சர் கலவையிலை இருந்து உப்பைப் பிரிச்சுக் காட்டிப்போட்டா. நானும் ருசி பாத்திட்டன். இப்ப சொல்லுங்கோ, இது சரியான முறையோ?"

வகுப்பு என்னைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன். சுகந்தினிதான் பேசினாள்.

"இல்லீங்க சார். கலவைய பிரிச்சா ரெண்டுமே திரும்பி கெடைக்கணும். இதுல உப்பு மட்டுந்தான் கெடைச்சிச்சு. கற்பூரம் எரிஞ்சு வேற பொருளாயிருச்சு, அது இனி வராது. டீச்சர் சொன்னது பதங்கமாதல். நடந்தது தகனம்."

சாகலாம் போலவும் இருந்தது, அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. ஆலோசகர் தலையாட்டினார்.

"பாடம் விளங்கியிருக்கு. பரிசோதனை தோல்வி." என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, குறை நினைக்காதையுங்கோ. இஞ்சை ஆய்வுகூடம் ஒண்டைத் தந்தால், அங்கையும் நீங்கள் தேங்காய் உடைச்சுத் தீபம்தான் காட்டுவியள். நான் வேறை பள்ளிக்கூடத்தைத்தான் பாக்கவேணும்."

பெரிய சார் தலையைக் குனிந்துகொண்டார். சோக்கால் வரைந்த முகவையும் சோக்கால் வரைந்த நெருப்பும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. இதுவரை வெட்கம்தான் இருந்தது, இப்போது கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் நன்றாகப் பேசுவேன்.

"சார், ஒன்னு கேட்கிறேன். பித்தளைத் தட்டுல கற்பூரம் எரிஞ்சப்ப, சப்பாத்த கழட்டிட்டு நீங்களே எந்திரிச்சு நின்னீங்க. பட்டம் படிச்ச நானே கும்பிட்டேன். இந்தப் பிள்ளைங்க கும்பிட்டதுல என்னா தப்பு? அதையே ஒரு பீங்கான் கிண்ணத்துல, கண்ணாடிப் புனலுக்கு அடியில வச்சிருந்தா, ஒங்களுக்குக் கும்பிடத் தோணியிருக்குமா? கண்ணாடிப் புனல் பத்தியிருக்குமா? சாமி தட்டுல விஞ்ஞானம் செஞ்சா பூசைதான் சார் நடக்கும். சாமானெல்லாம் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கே ஆய்வுகூடத்தையும் குடுத்து என்னா செய்யப் போறீங்க? அது இல்லாம என்னா ஆகும்னு ஒங்க நெத்தியிலயே இருக்கு."

பேசி முடித்த பிறகுதான், பேசியது யாரிடம் என்பது உறைத்தது. பெரிய சார் கண்ணை மூடிக்கொண்டார், இந்த முறை உண்மையாகவே பிரார்த்தனைதான்.

ஆலோசகர் நெற்றியைத் தொட்டார். விரலைப் பார்த்தார். அந்தச் சிரிக்காத முகம் எங்கேயோ ஓர் இடத்தில் உடைந்தது. பிறகு தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அழுகை வந்தது.

"எழுதிறன் பிள்ளை. 'இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுகூடம் உடனடியாகத் தேவை, பொதுமக்களின் பாதுகாப்புக்காக' எண்டு எழுதிறன்."

எழுதினார். ஆய்வுகூடம் வந்தது. பெரிய கட்டடமெல்லாம் இல்லை, இரண்டு நீள மேசையும் ஒரு கழுவு தொட்டியும் கண்ணாடி அலுமாரியும் உள்ள ஓர் அறை. அலுமாரியில் பீங்கான் கிண்ணங்களை அடுக்கிய அன்று, ஒவ்வொன்றையும் எடுத்துத் தட்டிப் பார்த்தேன். பைத்தியக்காரி மாதிரி இருந்திருக்கும். பரவாயில்லை, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒன்றைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை.

திறப்பு விழாவுக்குத் தோட்டமே வந்துவிட்டது. அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போகாமல் புதுச் சேலையோடு முன்னால் நின்றார். ஆலோசகர்தான் பிரதம விருந்தினர். கோயில் பூசாரி வாசலில் தீபம் காட்டிவிட்டுத் திருநீற்றுத் தட்டை ஆலோசகரிடம் நீட்டினார். அவர் கையை நீட்டவில்லை. சனத்துக்குள்ளே கண்ணை ஓட்டி என்னைத் தேடிப் பிடித்தார்.

"முதல்லை டீச்சர் பாக்கட்டும்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நடந்து போனேன். ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தேன். "திருநீறுதான் சார்" என்று சத்தமாக அறிவித்தேன். அதன் பிறகுதான் பூசிக்கொண்டார்.

அன்றோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். முடியவில்லை. இன்றைக்கும் எங்கள் தோட்டத்துக் கோயிலில் பூசை முடிந்தால், நான் எந்த மூலையில் ஒளிந்து நின்றாலும், பூசாரி தட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் முதலில் வருகிறார். என் கல்யாணத்தன்று மணவறைக்கும் வந்தார். மாப்பிள்ளை வீட்டார், இது ஏதோ எங்கள் பக்கத்துச் சடங்கு என்று பயபக்தியோடு பார்த்தார்கள். நான் நாக்கில் வைத்துத் தலையாட்டிய பிறகுதான் வரிசை நகரும். சின்னப் பிள்ளைகள் அதுதான் முறை என்றே நினைத்து வளர்கிறார்கள். போன திருவிழாவில் எனக்குக் காய்ச்சல், கோயிலுக்குப் போகவில்லை. வரிசையில் நின்ற சனம் பூசாமல் காத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லி, பூசாரி தட்டோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.